கிட்டார் கழுத்தில் நகப்பூச்சு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் தட்டு வைக்கப் போனால் சாப்பாட்டு மேசையில் ஒரு கிட்டார் மல்லாந்து படுத்திருக்கிறது. தலைமாட்டில் உப்பு ஜாடி, கால்மாட்டில் என் மூக்குக் கண்ணாடி.

"பெரியம்மா, அதைத் தொடாதீங்க. ரிப்பேருக்கு வந்தது," என்றான் மொட்டை.

"சாப்பிடற இடத்துலயா ரிப்பேரு?"

"வீட்ல அந்த மேசை ஒண்ணுதான் ஆடாம நிக்குது."

அதை ஆடாமல் நிற்க வைத்ததே நான்தான், காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்து. புண்ணியம் பண்ணினால் இப்படித்தான் திரும்பி வரும் போலிருக்கிறது.

மொட்டை என் தங்கை மகன். நாலு வயது வரை தலையில் ஒரு முடி முளைக்கவில்லை, அதனால் வந்த பேர். இப்போது முடி தோளைத் தாண்டித் தொங்குகிறது. குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து தினமும் நான்தான் அதை எலிவால் மாதிரி இழுத்துப் போடுகிறேன். பேர் மட்டும் அப்படியே இருக்கிறது.

கிட்டார் கழுத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். பிசுக்கு. கம்பிகளுக்கு அடியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக, காதுக்குள்ளிருந்து குடைந்து எடுத்த மாதிரி அழுக்கு. எத்தனை பேர் விரல் வேர்வையோ. தலையும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது. அதன் மேல் மூன்று குட்டிக் கட்டைகள், கட்டைக்கு ஒரு ஸ்குரூ. அதுதான் லாக் நட்டாம். கம்பிகளை அங்கேயே இறுக்கிப் பூட்டிவிடும், பிறகு எப்படி ஆட்டி வாசித்தாலும் சுருதி இறங்காதாம். இதில் ஒரு ஸ்குரூ மரை தேய்ந்து வழுக்குகிறது. ஓரமெல்லாம் துரு, துருவுக்கு மேல் பச்சை. பச்சையைச் சுரண்டி என் மேசைத் துணியில் துடைத்தான்.

துணியை வெந்நீரில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

மார்ச் 4, புதன்

கிட்டாருக்குச் சொந்தக்காரர் வந்தார். கிழிந்த கால்சட்டைப் பையன் எவனாவது வருவான் என்று பார்த்தால் வந்தது பஸ் ஓட்டுகிற அம்மா. என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். சீருடையோடு வந்து, செருப்பை ஜோடியாக ஓரத்தில் விட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பை ஒழுங்காக விடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

"அடுத்த சனிக்கிழமை எங்க டிப்போ ஆண்டு விழாம்மா. நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். ரெண்டு மெக்கானிக், ஒரு கண்டக்டர், நான்."

"கண்டக்டர் என்ன வாசிக்கிறாரு?"

"டிரம்ஸு. பஸ் தகரத்துல தட்டித் தட்டியே பழகிட்டாரு."

மேனேஜர் கேட்டாராம், மேடையில் ஹாரன் அடிக்கப் போகிறாயா என்று. மொத்த டிப்போவும் சிரித்ததாம். "மூணு வருஷமா கத்துக்கறேன். ஒரு பாட்டை ஒழுங்கா வாசிச்சு முடிச்சுட்டு இறங்கிட்டா போதும்மா, அப்புறம் சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்," என்றார். சொல்லும்போது கை ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போல முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க மொட்டை கை வெச்சா புதுசு மாதிரி ஆயிடும். நான் பொறுப்பு," என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

கிளம்பும்போது கேட்டார்: "போன தடவை நான் வந்தப்ப உள்ள நீங்கதானே சாமி கும்புட்டுட்டு இருந்தீங்க? யாருக்கோ மூட்டுவலின்னு சொல்லிட்டு இருந்தீங்க. சரியாச்சா?"

பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான், சரியாகிவிட்டது என்றேன். வெட்கமாக இருந்தது. நான் சத்தமாகத்தான் கும்பிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாய்க்குள் முணுமுணுத்தால் பாதியில் தூக்கம் வந்துவிடுகிறது.

மார்ச் 5, வியாழன்

புது நட் பார்சலில் வந்தது. பளபளவென்று இருந்தது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

பழையது கழுத்தின் பின்பக்கத்திலிருந்து ஸ்குரூ போட்டு மாட்டியது. புதியது மேலிருந்து மாட்டுவது. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பழைய ஓட்டையில் கெட்டி மரக்குச்சியை வைத்துப் பசை போட்டு அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, நாளைக்குத்தான் புது ஓட்டை போட வேண்டும் – இதை எனக்குச் சொன்னவனே அவன்தான். டீ குடிக்கும்போது வாத்தியார் மாதிரி சொன்னான்.

டீ குடித்து முடித்ததும் என்ன செய்தான்? என் பல் குத்துகிற குச்சிகளை ஓட்டைக்குள் திணித்தான். அதன் மேல் ஏதோ உடனே ஒட்டுகிற பசை. அந்த நெடி எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சாயங்காலம் ஏதோ மேட்ச் இருக்கிறதாம், அதற்குள் முடிக்க வேண்டுமாம்.

"பெரியம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். குழந்தைக்குக் கழுத்து நிற்காதபோது பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தேன். ஓட்டை போடாமலே ஸ்குரூவை வைத்துத் திருகினான். திருகத் திருக அவன் முகம் சிவந்தது. அப்புறம் ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, நகம் ஒடிந்த மாதிரி.

என் உள்ளங்கையில்தான் அது தெரிந்தது.

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஓட்டையிலிருந்து தலைப் பக்கமாக ஒரு கோடு. மயிரிழை. நான் அவனைப் பார்த்தேன், அவன் கதவைப் பார்த்தான்.

மார்ச் 6, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விரிசலில் அந்த நெடிப் பசையை விட்டான். மரத்தூளை அள்ளி அதன் மேல் தேய்த்தான். உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கினான். கழுத்தின் பின்பக்கம் கறுப்புப் பெயின்ட். அந்த நிறம் அவனிடம் இல்லை. அவன் பெண்டாட்டியின், அதாவது என் மருமகளின், மேசை இழுப்பறையைத் திறந்து, அவளுடைய கறுப்பு நகப்பூச்சை எடுத்து வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பூசினான். மூன்று கோட்டிங். ஒரு ராத்திரி மரம் காயப் பொறுமை இல்லாதவன், நகப்பூச்சு காய விசிறி போட்டு உட்கார்ந்திருந்தான்.

அதோடு விட்டானா? நட் கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, கம்பி கழுத்தில் உரசுகிறது என்று, அதற்கடியில் வைக்க மெல்லிய அட்டை வேண்டும் என்றான். என் சாமி படக் காலண்டரின் பின் அட்டையை நறுக்கிவிட்டான். பாதத்துக்குக் கீழே இருந்த பாகத்தைத்தான் வெட்டினானாம். அதுவரைக்கும் பக்தி.

கம்பி மாட்டி, மூன்று கட்டையையும் இறுக்கிப் பூட்டியதும் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. அழகாக இருந்தது.

"அந்தம்மாகிட்ட சொல்லிடுடா," என்றேன்.

"சொன்னா புதுக் கழுத்து கேப்பாங்க. ஊர் பூராச் சொல்லுவாங்க. அப்புறம் எவன் என்கிட்ட குடுப்பான்?"

"கம்பி இழுத்துக்கிட்டே இருக்குமேடா. விரிசல் திறந்துக்காதா?"

"ஒரு ரெண்டு மாசம் தாங்கும். அதுக்கப்புறம் உடைஞ்சா அவங்க கீழ போட்டதுன்னு ஆயிடும்."

சீ. என் தங்கை வயிற்றில் பிறந்த பிள்ளை வாயில் வந்த பேச்சா இது? சொன்னதை விடச் சொன்ன விதம்தான் – சாதத்தில் கல் இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்பது போல.

அப்புறம் அழுதான். முப்பத்திரண்டு வயதுத் தடியன், முடியெல்லாம் முகத்தில் ஒட்ட அழுதான். என் கையைப் பிடித்துச் சாமி அலமாரி முன்னால் இழுத்துப்போய், "எந்த மனுஷங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க," என்றான். பண்ணினேன். மூக்கு ஒழுகுகிறது, அதைத் துடைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே பண்ணினேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 7, சனி

சோறு இறங்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்தால் நெடி வருகிறது. அவனுக்கு மட்டும் வரவில்லை, இரண்டாம் தரம் போட்டுக்கொண்டான்.

மார்ச் 8, ஞாயிறு

மருமகள் இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள், வாரத்துக்கு ஒரு நிறம் போடுவாள்.

"அத்தை, என் கறுப்பு நெயில் பாலிஷைப் பாத்தீங்களா? புதுசு. ஒரு தடவைதான் போட்டேன்."

நான் சத்தியம் செய்தவள். "எனக்கெதுக்கும்மா அது," என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்யை விட அசிங்கமாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மேசையில் இருந்த கிட்டாரைப் பார்த்தாள். கழுத்தின் பின்பக்கத்தை விரலால் ஒரு தரம் தடவினாள். பிறகு கொட்டியதை எல்லாம் அள்ளிப் போட்டு இழுப்பறையை மூடினாள். அவளுக்கும் இது பிழைப்பு. எனக்கும்தான், இந்தக் கூரையை விட்டால் வேறு எங்கே போவேன்?

மார்ச் 9, திங்கள்

சாமி கும்பிட உட்கார்ந்தேன். முதல் தடவையாக வாய் திறக்கவில்லை. யார் யாருக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, பஸ் அம்மா இடத்தில் வந்து நின்றுவிட்டேன். "அந்தம்மா மேடையில நல்லா வாசிக்கணும்" என்று எந்த முகத்தோடு கேட்பது? பாட்டின் நடுவில் கழுத்து முறிந்தால் மொத்த டிப்போவும் என்ன செய்யும் என்று தெரியும். நான் பொறுப்பு என்று சொன்ன வாய் இது.

நாளைக்கு எடுத்துப்போக வருகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

நடந்தது நடந்தபடி.

பஸ் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மொட்டை குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு ஊற்றினால் பாதித் தொட்டி காலி, அவ்வளவு சீக்கிரம் வர மாட்டான். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மருமகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து உள்ளறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு விளக்கேற்றுகிற நேரம்.

சாமி அலமாரி முன்ரூமில்தான் இருக்கிறது. கண்ணை மூடினேன். கும்பிட்டேன். என்ன கும்பிட்டேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்:

"சாமி, நான் எந்த மனுஷங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதை மீற மாட்டேன். உன்கிட்ட மறைக்கிறேன்னு சத்தியம் பண்ணலை. அந்த பஸ் ஓட்டுற அம்மாவோட கிட்டார் கழுத்து பின்னாடி விரிஞ்சு போச்சு. ஸ்குரூ திருகுறப்ப என் கையிலதான் விரிஞ்சுது. அதுக்கு மேல மருமக நகப்பூச்சைப் பூசியிருக்கு. கம்பி இழுத்து இழுத்து நாளைக்கோ ரெண்டு மாசம் கழிச்சோ முறியும். மேடையிலேயே முறியாம இருக்க நீதான் பாத்துக்கணும். உன் காலண்டர் அட்டையும் அதுக்குள்ளதான் இருக்கு, மன்னிச்சுக்கோ."

கண்ணைத் திறந்தால் பஸ் அம்மா என் பின்னால் நிற்கிறார்.

"அந்தக் கட்டையைத் திருகுற சாவி எங்கம்மா இருக்கு?" என்றார். கோபமில்லாத குரல். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மொட்டை துண்டோடு வந்தான். தலையிலிருந்து தரையெல்லாம் சொட்டியது.

"தம்பி, நட்டைக் கழட்டிக் காட்டுங்க."

"மேடம், அது பூட்டி செட் பண்ணியாச்சு. கழட்டினா சுருதி எல்லாம் போயிடும்."

"போகட்டும்."

"பின்னாடி அடியில இருக்கிற சின்ன ஸ்குரூவைத் திருகியே சுருதி சரி பண்ணிக்கலாம் மேடம். இதைத் திறக்கவே வேண்டியதில்ல."

"பிரேக்ல சத்தம் வந்தா நான் ரேடியோவை ஏத்தி வெக்கிறதில்ல தம்பி. கழட்டுங்க."

அவன் மூன்று கட்டையையும் கழற்றினான். கம்பிகள் தொளதொளவென்று ஆயின. நட்டை எடுத்தான். சாமி அட்டையின் துண்டு நசுங்கி ஒட்டியிருந்தது. அதற்கடியில் பல் குத்தும் குச்சிகளின் முனைகள். பார்க்கச் சகிக்கவில்லை, சொத்தைப் பல் மாதிரி.

பின்பக்கத்தை எப்படிக் காட்டுவது என்று அவன் நின்றபோது உள்ளறைக் கதவு திறந்தது. மருமகள் நகப்பூச்சை அழிக்கிற மருந்துப் பாட்டிலையும் பஞ்சையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவனே துடைத்தான். பஞ்சு கறுப்பானது. கோடு வெளியே வந்தது, முன்னைவிட நீளமாக.

பஸ் அம்மா அதைத் தன் கட்டைவிரலால் அளந்தார். "சனிக்கிழமை நான் வாசிக்கணும். எப்படின்னு நீங்க சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவர் கத்தவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "என் கிட்டாரும் இதே மாடல்தான் மேடம். அதோட கழுத்தைக் கழட்டி இதுல மாட்டித் தரேன்."

மார்ச் 11, புதன்

"சத்தியம் பண்ணீங்களே பெரியம்மா."

"மனுஷங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லலையேடா."

"அந்தம்மா பெஞ்சுல உக்காந்திருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கண்ணை மூடிக்கிட்டுத்தானே கும்புடுவேன்."

"காதையுமா மூடிக்கிட்டீங்க? வழக்கத்தை விடச் சத்தமாக் கும்புட்டீங்க. எனக்குக் குளிக்கிற ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

கேட்டதாம். கேட்டும் உள்ளே நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இதை அவனே சொன்னான், சொல்கிறோம் என்று தெரியாமலே.

சத்தமாகக் கும்பிட்டேனா? சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும். அது எனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மார்ச் 12, வியாழன்

கழுத்தை உடம்போடு நான்கு பெரிய ஸ்குரூ போட்டுத்தான் மாட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சுலபமாகக் கழலும் என்று நான் நினைக்கவில்லை. அவனுடைய கிட்டார், கல்லூரிக் காலத்திலிருந்து தொட விடாத கிட்டார், இப்போது கழுத்தில்லாமல் சோபாவில் கிடக்கிறது. கோழிக் கடையில் பார்ப்பது போல இருக்கிறது.

மாட்டும்போது பிடிக்க மருமகளைக் கூப்பிட்டான். நான் பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், என்னைக் கூப்பிடவில்லை. அவன் கழுத்திலும் அழுக்குதான், ஆனால் மாட்டுவதற்கு முன்னால் துடைத்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் துடைத்தான். இந்தப் பொறுமை அன்றைக்கு எங்கே போயிற்று?

மார்ச் 13, வெள்ளி

"கொஞ்ச நாள் மாமா வீட்ல போய் இருங்க பெரியம்மா," என்றான். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டானாம், வருகிற புதன்கிழமைக்கு. மருமகள் ஏதோ சொல்ல வந்தாள், அவன் பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

மாமா என்பது என் தம்பி. அங்கே ஹாலில் சோபாவில்தான் படுக்கை. தம்பி பெண்டாட்டிக்குச் சத்தம் ஆகாது, தலைவலி வந்துவிடும். சாமியை மனதுக்குள்ளேதான் கும்பிட வேண்டும். மனதுக்குள் கும்பிட்டு எனக்குப் பழக்கமே இல்லை.

துணிகளை மடித்தேன். அழவில்லை. உண்மை வெளியே வந்தால் நெடி போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று விழா. பஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார், அதனால் போனேன். போனதும் என் புதன்கிழமை ரயிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். மொட்டையும் வந்தான், ஆனால் என்னோடு உட்காரவில்லை. பணிமனைக் கொட்டகையில் பஸ்களை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தரையெல்லாம் டீசல் எண்ணெய். புடவைக் கரை போயே போயிற்று.

பாட்டா அது? இரும்புக் கதவை இழுத்து இழுத்து மூடுகிற மாதிரி. கண்டக்டர் டிரம்ஸைப் பழைய பகை தீர்ப்பது போல அடித்தார். என் காதுக்குள் இன்னும் இரைகிறது. இதைக் கேட்கவா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

ஆனால் அவரைப் பார்த்தேன். முதல் தடவை ஆரம்பத்தில் தப்பினார். பின்வரிசையில் யாரோ ஹாரன் மாதிரிச் சத்தம் கொடுத்தான், பத்துப் பேர் சிரித்தார்கள். அவர் நிறுத்தி, மெக்கானிக்குகளைப் பார்த்துத் தலையசைத்து, மறுபடி ஆரம்பித்தார். கம்பியைப் பிடித்து இழுத்து ஆட்டினார், கிட்டார் அலறியது, பிறகு எங்கே இருந்ததோ அங்கேயே வந்து நின்றது. முடியும் வரை நிற்கவில்லை. ஹாரன் கொடுத்தவனும் கை தட்டினான். மேனேஜர் எழுந்து நின்று தட்டினார்.

மொட்டை கடைசி வரை அந்தக் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பன் முகம் மாதிரி இருந்தது.

இறங்கி வந்ததும் நாலைந்து பேர் பஸ் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கிட்டாரை யார் சரி பண்ணியது என்று கேட்டார்கள். அவர் மொட்டையைக் காட்டினார்.

"இவர்தான். கை நல்ல கை. தைரியமாக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா குடுக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பெரியம்மா வீட்ல இருக்காங்களான்னு கேட்டுட்டுக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மொட்டை சிரிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 16, திங்கள்

பெட்டி கட்டியாகிவிட்டது. மொட்டை அதைத் தாண்டித் தாண்டிப் போகிறான். வெறும் கழுத்தை, அந்த விரிசல் கழுத்தை, இரண்டு பக்கமும் கவ்வி வைத்து நிஜமான மரப்பசை போட்டு ஜன்னலோரம் காய வைத்திருக்கிறான். நேற்று போட்டது. இன்றைக்கும் தொடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கண்டக்டரின் மச்சான் ஒரு கிட்டாரோடு வந்தார். அந்தக் கழுத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. அதில் வாசித்தாரா, வாணலி கழுவினாரா என்று தெரியாத அளவுக்குப் பிசுக்கு. இவருக்கும் லாக் நட்தான் போயிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தார். கிட்டாரைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க பெரியம்மா இருக்காங்களா?"

நான் அடுக்களையில் இருந்தேன், அவர் கண்ணுக்குப் படாமல். மொட்டைக்கு மட்டும் தெரிகிற இடம். அவன் என்னைப் பார்த்தான். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமல் நானும் அவனைப் பார்த்தேன்.

"இருக்காங்க," என்றான்.

"ஏதோ ஊருக்குப் போறாங்கன்னு டிப்போவுல பேசிக்கிட்டாங்களே?"

"இல்லயே. எங்கயும் போகல."

எனக்கே அது அப்போதுதான் தெரியும்.